வினாவும் விடையும் பதிவும்: பிரித்தானியப் பிரதமர் கேள்வி நேர வரலாறு குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

தமிழ் இலக்கண மரபு வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்துள்ளது. நன்னூலைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இப்பாகுபாட்டை நன்கு அறிவர். தெரியாததைத் தெரிந்துகொள்ள வினவுவது அறியா வினா. விடையைத் தான் அறிந்திருந்தும் பிறர் அறிவாரோ எனச் சோதிக்க வினவுவது அறிவினா. விடைகளுள் சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடி விடைகள். எஞ்சிய ஐந்தும் விடையைக் குறிப்பால் உணர்த்துவன. ‘ஆடுவாயா?’ என்றதற்குப் ‘பாடுவேன்’ என்பது இனமொழி விடை, ‘செய்வாயா?’ என்றதற்குச் ‘செய்யாமல் இருப்பேனோ?’ என்பது வினா எதிர் வினாதல்.

வகுப்பறையில் எளிய எடுத்துக்காட்டுகளோடு முடிந்துவிடும் இப்பாகுபாடு, ஆட்சி வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கும் துணைபுரியும் என்பது நம் கருத்து. பிரித்தானிய நாடாளுமன்றத்தில் பிரதமர் விடையளிக்கும் கேள்வி நேரம் உலகப் புகழ்பெற்றது. அது பொறுப்புடைமையின் உரைகல் என்பார் ஒரு சாரார். வெறும் சொற்சிலம்பம் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கருத்துகளும் அன்றைய அவைக்காட்சியை மட்டுமே கருத்திற்கொண்டவை. கேள்வியின் உண்மையான பயன், ஆட்சித் தலைவரிடமிருந்து ஒரு நேரடி விடையைப் பெற்று அதனைப் பதிவேட்டில் ஏற்றிவிடுவதிலேயே அடங்கியுள்ளது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

கேள்வி நேரம் உருவான வகை

பிரித்தானிய நாடாளுமன்றத்தில் அமைச்சர் ஒருவரிடம் கேட்கப்பட்டதாகப் பதிவான முதல் கேள்வி 1721ஆம் ஆண்டுக்குரியது. தென்கடல் நிறுவனத்தின் வீழ்ச்சியால் பலர் செல்வமிழந்திருந்த காலம் அது. அந்நிறுவனத்தின் காசாளர் ராபர்ட் நைட் நாட்டைவிட்டுத் தப்பியோடியிருந்தார். அவர் வெளிநாட்டில் பிடிபட்டார் என்னும் செய்தி உண்மையா எனக் கௌப்பர் பிரபு, பிரபுக்கள் சபையில் வினவினார். ஆட்சியின் சார்பில் சண்டர்லாந்து பிரபு விடையளித்தார். பணமோசடி பற்றிய ஓர் அறியா வினாவிலிருந்தே இம்மரபு தொடங்கியது என்பது நோக்கத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காமன்ஸ் சபையில் கேள்வி கேட்கும் வழக்கம் வளர்ந்தது. 1835இல் கேள்விக்கான முன்னறிவிப்பு முதன்முறையாக அவையின் நிகழ்ச்சித் தாளில் அச்சிடப்பட்டது. எனினும் பிரதமருக்கெனத் தனி நேரம் ஏதும் இல்லை. பிற அமைச்சர்களைப் போலவே அவரும் வினவப்பட்டார். 1881இல் பிரதமராக இருந்த கிளாட்ஸ்டன் எழுபது வயதைக் கடந்தவர். அவர் சற்றுத் தாமதமாக அவைக்கு வர வாய்ப்பாக, அவருக்குரிய கேள்விகள் பட்டியலின் இறுதியில் வைக்கப்பட்டன. முதியவர் ஒருவருக்குக் காட்டப்பட்ட இந்த மரியாதையே பிரதமருக்குரிய கேள்விகளைத் தனியே பிரித்த முதல் ஏற்பாடாகும்.

மரியாதையாகத் தொடங்கியது பின்னர்த் தடையாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால்ஃபர் காலத்து விதிகள் கேள்வி நேரத்திற்கு எல்லை வகுத்தன. நேரம் முடிந்ததும் எஞ்சிய கேள்விகளுக்கு எழுத்து மூலமே விடை கிடைத்தது. பட்டியலின் இறுதியிலிருந்த பிரதமரின் கேள்விகள் பலமுறை வாய்மொழி விடை பெறாமலே போயின. அவற்றின் வரிசை எண்ணை முன்னே கொண்டுவந்தும் முழுப்பயன் விளையவில்லை. 1953இல் சர்ச்சில் காலத்தில் செவ்வாயும் வியாழனும் பிரதமருக்குரிய நாள்களாயின. 1961இல் மாக்மில்லன் காலத்தில் அந்நாள்களில் தலா 15 நிமிடங்கள் ஒதுக்கப்பட்டன. மே 1997இல் டோனி பிளேர் இவ்விரண்டையும் இணைத்துப் புதன்கிழமைதோறும் 30 நிமிட ஒரே அமர்வாக மாற்றினார்.

இவ்வரலாற்றில் பிரதமரை வினவும் உரிமை பெரும் பிரகடனம் எதனாலும் நிலைநாட்டப்படவில்லை. நிகழ்ச்சித் தாளில் எந்தக் கேள்வி எந்த இடத்தில் நிற்கிறது என்னும் சிறிய ஏற்பாடுகளே அதனைக் குறுக்கவும் விரிக்கவும் செய்தன.

திறந்த வினா

குறிப்பிட்ட பொருள் பற்றிப் பிரதமரிடம் கேள்வி கேட்டால், அதனை உரிய துறை அமைச்சருக்கு மாற்றிவிடும் வழக்கம் இருந்தது. இதனைத் தவிர்க்க உறுப்பினர்கள் கண்ட வழியே ‘திறந்த வினா’. பிரதமரின் அன்றைய அலுவல்கள் யாவை என்பதே எழுத்தில் தரப்படும் கேள்வி. அதற்குப் பிரதமர் வழக்கமான விடையைக் கூறியதும், உறுப்பினர் தாம் விரும்பிய பொருள் குறித்துத் துணைக் கேள்வி எழுப்புவார். 1970களில் இம்முறை வேரூன்றியது.

இதன் விளைவுகள் இருவகைப்பட்டன. பிரதமர் எப்பொருள் குறித்தும் முன்னறிவிப்பின்றி விடைகூற ஆயத்தமாக இருக்க வேண்டியதாயிற்று, இது நன்மை. பொருள் குறிக்கப்படாமையால் பொத்தாம்பொதுவான கேள்விகள் பெருகின, இது தீமை. 1978இல் வானொலி ஒலிபரப்பும் 1989இல் தொலைக்காட்சி ஒளிபரப்பும் தொடங்கியபின் அவையின் ஆரவாரம் வீடுகளையும் எட்டியது. வாரந்தோறும் ஆறு கேள்விகள் கேட்கும் வாய்ப்புடைய எதிர்க்கட்சித் தலைவர் தொடுப்பவை பெரும்பாலும் அறிவினாக்களே. அவற்றுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் வினா எதிர் வினாதலும் இனமொழியுமே. இலக்கணத்தில் இவ்விடைகள் குறிப்பாலேனும் விடையைத் தருவன. நாடாளுமன்றத்திலோ விடையைத் தராமலிருக்கவே பயன்படுகின்றன.

அவ்வாறாயின் இம்முயற்சி வீணானதா? இரு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டு இதற்கு விடை காணலாம்.

ஈடனின் மறுப்பு, 1956

1956 ஜூலையில் எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியது. அக்டோபர் 29ஆம் நாள் இஸ்ரேல் எகிப்தைத் தாக்கியது. போரிடும் இருதரப்பையும் பிரிப்பதாகக் கூறிக்கொண்டு பிரித்தானியாவும் பிரான்சும் தலையிட்டன. உண்மையில் தாக்குதலுக்கு ஐந்து நாள்களுக்கு முன்னரே, அக்டோபர் 24ஆம் நாள், பாரிசுக்கு அருகிலுள்ள செவ்ர் என்னுமிடத்தில் மூன்று நாடுகளின் பிரதிநிதிகளும் இரகசிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தனர்.

டிசம்பர் 20ஆம் நாள் எதிர்க்கட்சியினர் இதுபற்றிப் பிரதமர் ஆந்தனி ஈடனைத் துருவிக் கேட்டனர். இஸ்ரேல் தாக்கப்போவது குறித்து முன்னறிவு ஏதும் இருக்கவில்லை என அவர் திட்டவட்டமாக மறுத்தார். நன்னூல் வகைப்பாட்டில் இது ஐயத்துக்கிடமற்ற மறை விடை. பிரதமராக அவர் அந்த அவையில் தோன்றிய கடைசி நாளும் அதுவே. 1957 ஜனவரி 9ஆம் நாள் உடல்நலக் குறைவைக் காரணம் காட்டிப் பதவி விலகினார்.

உடன்படிக்கையின் பிரித்தானியப் படி ஈடனின் விருப்பப்படி அழிக்கப்பட்டது. ஆயினும் பிற நாடுகளின் படிகள் எஞ்சின. அவற்றின் வழி உடன்படிக்கை 1990களில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. சான்றை அழிக்க முயன்ற ஈடனால் தம் விடையை அழிக்க இயலவில்லை. அது ஹன்சார்ட் எனப்படும் நாடாளுமன்றப் பதிவேட்டில் சொல் மாறாமல் நின்றது. அவருடைய வாழ்நாளில் எந்தக் குழுவும் அவ்விடைக்காக அவரை விசாரிக்கவில்லை. தீர்ப்பு வழங்கும் பணி வரலாற்றாசிரியர்களிடம் விடப்பட்டது.

ஜான்சனின் விடைகள், 2021

1997 மார்ச் மாதம் காமன்ஸ் சபை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. அமைச்சர்கள் அவைக்கு உண்மையான தகவல் தருதல் வேண்டும். தவறு நேர்ந்தால் விரைந்து திருத்துதல் வேண்டும். அறிந்தே அவையைத் தவறாக வழிநடத்தியவர் பதவி விலக முன்வருதல் வேண்டும் என்பது அதன் சாரம்.

2020இல் கோவிட்-19 கட்டுப்பாடுகள் நடப்பிலிருந்தபோது பிரதமர் அலுவலகத்தில் விருந்துகள் நடந்தன என்னும் செய்தி 2021 இறுதியில் வெளிவந்தது. டிசம்பர் 1ஆம் நாள் கேள்வி நேரத்தில் எதிர்க்கட்சித் தலைவர் கியர் ஸ்டார்மர் இதனை எழுப்பினார். வழிகாட்டுதல்கள் அனைத்தும் முழுமையாகப் பின்பற்றப்பட்டன எனப் பிரதமர் போரிஸ் ஜான்சன் விடையளித்தார். அடுத்த வாரம், விருந்து ஏதும் நடைபெறவில்லை எனத் தமக்குத் திரும்பத் திரும்ப உறுதியளிக்கப்பட்டதாகக் கூறினார். அன்று இவ்விடைகளால் ஆட்சி கவிழ்ந்துவிடவில்லை. ஆனால் அவை பதிவாகிவிட்டன.

2022 ஏப்ரலில் காவல்துறை ஜான்சனுக்கு அபராதம் விதித்தது. அதே மாதம் அவருடைய விடைகளைச் சிறப்புரிமைக் குழுவின் ஆய்வுக்கு அனுப்ப அவை தீர்மானித்தது. அவ்வாண்டு அவர் பிரதமர் பதவியை இழந்தமைக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் விசாரணை நிற்கவில்லை. அவருடைய சொந்தக் கட்சியினரே பெரும்பான்மையாக இருந்த அக்குழு, அவர் அவையில் கூறிய சொற்களைப் பதிவேட்டிலிருந்து எடுத்துச் சான்றுகளோடு ஒப்பிட்டது. அவர் அவையை வேண்டுமென்றே தவறாக வழிநடத்தினார் என 2023 ஜூன் 15ஆம் நாள் வெளிவந்த அதன் அறிக்கை முடிவுசெய்தது. நான்கு நாள்களுக்குப் பின் 354க்கு 7 என்னும் வாக்குகளால் அவை அதனை ஏற்றது. அதற்கு முன்னரே ஜான்சன் உறுப்பினர் பதவியைத் துறந்துவிட்டார்.

இங்கு மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. ஓர் உறுப்பினர் பிறரைப் பொய்யர் என அவையில் கூறுதல் மரபன்று. 2022 ஜனவரி 31ஆம் நாள், பிரதமர் வேண்டுமென்றே அவையைத் தவறாக வழிநடத்தினார் எனக் கூறிய இயன் பிளாக்ஃபர்ட் அச்சொல்லைத் திரும்பப் பெறாமையால் அவையை நீங்க நேர்ந்தது. குற்றச்சாட்டாகக் கூற இயலாத ஒன்று, பதினெட்டுத் திங்களுக்குள் அவையின் தீர்ப்பாகவே மாறியது. அம்மாற்றத்திற்கு அடிப்படையாக அமைந்தவை பிரதமரே கூறிய நேரடி விடைகள்.

துணைக் கேள்வியின் இன்றியமையாமை

காலனித்துவ ஆட்சி இக்கருவியின் வலிமையை நன்கு உணர்ந்திருந்தது. 1892ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமன்றங்கள் சட்டம், சென்னை உள்ளிட்ட மாகாண மன்றங்களின் உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் வாய்ப்பை அளித்தது. துணைக் கேள்விக்கோ இடமில்லை. 1909இல்தான் முதற்கேள்வியை எழுப்பியவருக்கு மட்டும் அவ்வுரிமை கிடைத்தது. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின்னரே அது பிற உறுப்பினர்களுக்கும் விரிந்தது. முதற்கேள்விக்கு மழுப்பலான விடை கூறிவிட்டு அமர்ந்துவிடலாம். மழுப்பியவரை ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்னும் எல்லைக்கு இழுத்து வருவது துணைக் கேள்வியே. 27 ஆண்டுகள் சிறிது சிறிதாக அளந்து தரப்பட்ட உரிமை இது.

முடிவுரை

1959 முதல் இயங்கிவரும் மலேசிய மக்களவையும் இம்மரபின் வழிவந்ததே. 2023இல் பிரதமருக்கெனத் தனிக் கேள்வி நேரம் இங்கும் அறிமுகமாயிற்று. இத்தகைய ஏற்பாட்டை மதிப்பிடுங்கால், யார் அன்று வென்றார் என்பதைவிட, எத்தனை நேரடி விடைகள் பதிவாயின என்பதையே நாம் முதலில் நோக்க வேண்டும். இனமொழியாகக் கூறப்பட்ட விடையைக் காலம் சோதிக்க இயலாது. மறையும் நேரும் மட்டுமே பின்னாளில் மெய்யென்றோ பொய்யென்றோ நிறுவப்படக்கூடியவை.

நன்னூலின் எண்வகை விடைகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் நாடாளுமன்றப் பதிவேட்டின் ஒரு பக்கத்தை மாணவர் முன் வைத்து, ஒவ்வொரு விடையும் எவ்வகையைச் சாரும் என வகைப்படுத்தச் செய்யலாம். இலக்கணம் மனத்தில் நிலைபெறும். ஆள்வோரின் மொழியை அளந்து பார்க்கும் பயிற்சியும் கைகூடும். ஈடனின் விடை நான்கு பதின்மங்கள் காத்திருந்தது. ஜான்சனின் விடை பதினெட்டுத் திங்களே காத்திருந்தது. இரண்டுமே பிறந்தது, யாரோ ஓர் உறுப்பினர் எழுந்து நின்று தெளிவாக வினவியமையால்தான்.