எண்ணூரில் பாதி, நாமக்கல்லில் மீதி

வாரத்தில் அஞ்சு நாள் சென்னையில் பொட்டி தட்டுறேன். சனி, ஞாயிறு விழுப்புரம் வீட்டு மொட்டைமாடி ரூமில் லாரி கட்டுறேன். சிரிக்காதீங்க, நெசமாத்தான். அளவு மட்டும் கொஞ்சம் சின்னது. 1:24. அதாவது ரோட்டில் 24 அடி நீளத்துக்கு நிக்கிற வண்டி என் மேஜையில் ஒரு அடி.

"கடையில வாங்கினா ஆகாதாடா?"ன்னு அம்மா கேக்கறாங்க. ஆகாதும்மா. அமெரிக்காக்காரனுக்கு பீட்டர்பில்ட், ஐரோப்பாக்காரனுக்கு ஸ்கேனியா, வால்வோன்னு டப்பா டப்பாவா பிளாஸ்டிக் கிட் விக்குது. பிரிச்சு, ஒட்டி, பெயின்ட் அடிச்சா வண்டி ரெடி. நான் கட்டறது அசோக் லேலண்ட் கோமெட். இதை வெறும் தகடு, குச்சி, பைப்பிலிருந்துதான் செஞ்சாகணும். இந்த மாதிரி கட்டறதுக்கு ஸ்க்ராட்ச் பில்ட்னு பேரு.

கட்ட ஆரம்பிச்ச பிறகுதான் ஒரு விஷயம் உறைச்சது. நம்ம லாரியோட வரலாறுன்னு எழுதி வச்சிருக்கறதெல்லாம் பாதி லாரியோட வரலாறுதான். எப்படின்னு சொல்றேன்.

முதல்ல எழுதி வச்ச பாதி. 1948ல் ரகுநந்தன் சரண் என்கிறவர் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியை ஆரம்பிக்கிறார். அசோக் அவரோட பையன் பேரு. எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைக் கோர்த்து விக்கறதுதான் முதல் வேலை. அடுத்து லாரிக்காக இங்கிலாந்தின் லேலண்ட் மோட்டார்ஸோட பேச ஆரம்பிச்சார். லேலண்ட்ங்கறது லங்காஷயரில் ஒரு ஊர் பேரு. ஆனா சரண் விமான விபத்தில் இறந்துபோக, 1950ல் மத்தவங்க ஒப்பந்தத்தை முடிச்சாங்க. 1951ல் எண்ணூரில் கோமெட் கோர்க்க ஆரம்பிச்சாங்க. முதல் நாலும் மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலைக்குப் போன டிப்பர்கள். 1955ல் லேலண்டும் பங்கு போட, கம்பெனி அசோக் லேலண்ட் ஆச்சு. கோமெட் 350ன்னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்களே, அந்த 350 என்ஜினோட கன அங்குலக் கணக்கு. இன்னிக்குக் கணக்கில் சுமார் 5.7 லிட்டர்.

ஒரு வேடிக்கை பாருங்க. லிவர்பூலில் டிங்கி டாய்ஸ் பொம்மை செஞ்ச மெக்கானோ கம்பெனி, 1949லேயே லேலண்ட் கோமெட் பொம்மை லாரி போட்டுடுச்சு. நம்ம எண்ணூரில் நிஜ கோமெட் உருளறதுக்கு முன்னாடியே இங்கிலாந்துப் பசங்க கையில் குட்டி கோமெட் உருண்டிருக்கு! அந்த பொம்மையை ஒண்ணு வாங்கி, பார்த்து அப்படியே செஞ்சா போச்சேன்னு தோணும். அங்கதான் சிக்கல். அந்த பொம்மையில் இருக்கற கேபினும் தொட்டியும் இங்கிலீஷ்காரன் வண்டியோடது. நம்ம ரோட்டில் ஓடின கோமெட்டோட முகமே வேற.

ஏன் வேற? எண்ணூர் ஃபேக்டரியிலிருந்து வெளிய வந்தது பெரும்பாலும் முழு லாரி இல்லை, வெறும் சேசிஸ். ரெண்டு நீளச் சட்டம், என்ஜின், கியர்பாக்ஸ், அச்சு, சக்கரம், ஸ்டியரிங், முன்னாடி ஒரு தகட்டு மூஞ்சி. அவ்வளவுதான். கதவு இல்லை, கூரை இல்லை, கண்ணாடி இல்லை, தொட்டி இல்லை. 1954ல் டெய்ம்லர் பென்ஸோட சேர்ந்து லாரி செய்ய வந்த டெல்கோவும் (இப்போ டாடா மோட்டார்ஸ்) சேசிஸை இப்படித்தான் வித்தாங்க.

அந்த சேசிஸை ஓட்டிக்கிட்டே பாடி கட்டற ஊருக்குப் போவாங்க. ஜி.எஸ்.டி. ரோட்டோரத்து ஆளுங்க, அதாவது திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம்னு இருக்கறவங்க, இதைப் பார்க்காம வளர்ந்திருக்க முடியாது. மொட்டை சேசிஸ் மேல ஒரு சீட்டைப் போட்டு, முகத்தைத் துண்டால் சுத்தி, கண்ணுக்கு ஒரு கண்ணாடி மாட்டிக்கிட்டு வெயில், புழுதி, பூச்சி எல்லாத்தையும் நேரா மூஞ்சியில் வாங்கிக்கிட்டு டிரைவருங்க போவாங்க. விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, சேலம் தாண்டி நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி. பஸ்ஸுக்குக் கரூர் மாதிரி லாரிக்கு இந்த ஊர்கள். லாரியோட மிச்சப் பாதி பிறந்தது அங்கதான். தச்சர், கொல்லர், வெல்டர், பெயின்டர்னு கை மாறிக் கை மாறித்தான் அது லாரி ஆச்சு.

இந்த மிச்சப் பாதிக்கு வரைபடம்? ஃபேக்டரி பாதிக்கு மேனுவல் உண்டு, பார்ட் நம்பர் உண்டு. பட்டறைப் பாதி மேஸ்திரி தலைக்குள்ள இருந்துச்சு. கரும்புக்கா, கல்லுக்கா, வைக்கோலுக்கான்னு ஓனர் சொல்ற லோடைப் பொறுத்து பலகை உயரும், இறங்கும். எங்க பாஷையில் சொன்னா, டாக்குமெண்டேஷனே இல்லாம அரை நூற்றாண்டுக்கு மேல புரொடக்‌ஷனில் ஓடின சிஸ்டம் :-)

அதனால டேப்பைத் தூக்கிக்கிட்டு நேர்ல போய் அளக்கறதைத் தவிர வேற வழியில்லை. திண்டிவனத்தில் ஒரு பட்டறை ஓரமா மரத்தொட்டியோட நின்ன பழைய கோமெட் மாட்டுச்சு. நான் குனிஞ்சு நிமிந்து அளக்கறதைப் பார்த்துட்டு பெரியவர் ஒருத்தர் கிட்ட வந்தார். "யாரு தம்பி? ஆர்.டி.ஓ. ஆபீஸா?"

"இல்லண்ணே, பொம்மை செய்யறேன்."

ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த வண்டியையே பதினஞ்சு வருஷம் ஓட்டினவராம். அப்புறம் டேப்போட இன்னொரு முனையைப் பிடிச்சுக்கிட்டார். "பின் கதவு கொக்கியை விட்டுடாத, அது நான் சொல்லி வச்சது"ன்னார். தொட்டி 17 அடி நீளம், 7 அடி அகலம். கொக்கி என் நோட்டில் தனி பக்கத்தில் இருக்கு.

நேர்ல கிடைக்காத வண்டிக்கு ஒரு உபாயம் சொல்றேன். பழைய போட்டோவில் லாரி பக்கவாட்டில் நிக்கணும், கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்திருக்கணும். டயர் 9.00-20 சைஸுன்னா அதோட மொத்த விட்டம் கிட்டத்தட்ட 102 செ.மீ. போட்டோவில் அது 200 பிக்ஸல் வந்தா ஒரு பிக்ஸல் 5 மி.மீ. சொச்சம். அதை வச்சு கதவு உயரம், பலகை எண்ணிக்கை எல்லாம் கறந்துடலாம். டயர்தான் நம்ம அடிஸ்கேல்.

இனி பட்டறை. 102 செ.மீ.யை 24ஆல் வகுத்தா 42 மி.மீ. சொச்சம். கடையில் விக்கற 40 மி.மீ. பி.வி.சி. பைப்போட வெளி விட்டம் சரியா 40. அது மேல சைக்கிள் ட்யூபை ஒரு சுத்து இழுத்து மாட்டினா டயர் அளவு வந்துடும். சேசிஸ் சட்டம் 6 மி.மீ. தகடுன்னு வச்சுக்கிட்டா நமக்கு வேண்டியது கால் மி.மீ. எண்ணெய் டின்னை வெட்டி மடக்கினா அந்தக் கனம் கிடைக்குது. ஐஸ் குச்சி 2 மி.மீ. கனம், 10 மி.மீ. அகலம். 24ஆல் பெருக்கிப் பாருங்க, ரெண்டு அங்குலக் கனத்தில் ஒன்பதரை அங்குலப் பலகை! தொட்டிக்கு இதைவிட என்ன வேணும்? நிஜ லாரியில் நடந்த வரிசைதான் இங்கயும். முதல்ல சேசிஸ், அது சக்கரத்தில் உருண்ட பிறகு மரவேலை, கடைசியா பெயின்ட். வரிசையை மாத்தினா தொட்டி சட்டத்தில் உக்கார மாட்டேங்குது.

'ஐயோ, அந்தக் காலம் போச்சே'ன்னு ஒப்பாரி வைக்கலைங்க. அந்த மரக் கேபினுக்குள்ள என்ஜின் சூட்டில் வெந்தவங்க கிட்ட கேட்டா தெரியும். 2023 டிசம்பரில் மத்திய அரசு ஒரு அறிவிப்பு போட்டுச்சு. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகற, 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளோட கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். துண்டு கட்டிக்கிட்டு மொட்டை சேசிஸ் ஓட்டின ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம்! ஃபேக்டரியிலேயே கேபினோட வர்ற வண்டி பெருகுது, தொட்டியும் இரும்புக்கு மாறிடுச்சு. நல்லது. ஆனா ஃபேக்டரி வண்டியோட அளவு ஃபேக்டரியில் இருக்கும். மரத்தொட்டி ஒண்ணு விறகுக்குப் போனா, அதைக் கட்டினவர் கணக்கும் அதோட போயிடுது. கொக்கி சொல்லி வச்ச பெரியவர் மாதிரி ஆளுங்களும் ரொம்ப நாள் இருக்க மாட்டாங்க.

அதனால ஒரு வேண்டுகோள். உங்க தாத்தாவோ மாமாவோ லாரி வச்சிருந்தாங்கன்னா, ஆல்பத்தில் பக்கவாட்டு போட்டோ இருக்கான்னு பாருங்க. பக்கத்துப் பட்டறையில் மரத்தொட்டி லாரி நின்னா, போற போக்கில் நீளம், அகலம், பலகை எத்தனைன்னு ஒரு சீட்டில் குறிச்சு வைங்க. வண்டி நம்பரையும் ஆள் பேரையும் மறைச்சுட்டு எனக்கு அனுப்பினா அடுத்த கோமெட் உங்க ஊர் வண்டி.

டிஸ்கி: முடிஞ்ச வண்டிக்குப் பின்னாடி 'ஒலி எழுப்பவும்' எழுதியாச்சு. எழுத்து உயரம் 4 மி.மீ. ஒத்தை முடி பிரஷ்ஷில் எழுதி கண்ணு போச்சு. பாக்கி இருக்கறது தார்ப்பாய்தான். அப்பாவோட பழைய காக்கிச் சட்டை ஒண்ணு மேல கண்ணு வச்சிருக்கேன், அவர் கிட்ட சொல்லிடாதீங்க!