குரலஞ்சல் அமைப்பின் பராமரிப்பு முனையம்

குரலஞ்சல் அமைப்பு என்பது, அழைத்தவர் விட்டுச்செல்லும் பேச்சைச் சேமித்துவைத்து உரியவர் கேட்கக் கொடுக்கும் கணினி. அதைத் தொழில்நுட்பவியலாளர் பழுதறிந்து திருத்தவும், செய்திப்பெட்டிகளைத் திறந்து மூடவும் பயன்படுத்தும் திரையும் விசைப்பலகையுமே பராமரிப்பு முனையம். இதன் வரலாற்றைக் கருவிகள் சிறுத்து மலிவான கதையாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கதையில், கருவிகள் பல முறை மாறிய பின்னும் மாறாத ஒன்று விடுபட்டுப்போகும்: பழுதுபார்ப்பவர் நுழையும் வழி, பழுதாகக்கூடிய வழியோடு சேரக் கூடாது என்னும் ஏற்பாடு.

இணைக்கும் கம்பி, குரலஞ்சலை விட மூத்தது. ஆர்.எஸ்.232 என்னும் தொடர் இணைப்புத் தரம் அமெரிக்காவில் 1960இல் வெளிவந்தது; பரவலாகப் பயன்பட்ட ‘சி’ பதிப்பு 1969இல் வந்தது. ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் போய்ஸ் குழுவினர் குரற்பதிவுக் கணினியை உருவாக்கியது 1970களின் நடுப்பகுதியில். கோர்டன் மத்யூஸ் குரலஞ்சலுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1979இல். அது 1983இல் கிடைத்தது. அதற்குள், 1978இல் சந்தைக்கு வந்த வி.டி.100 முனையம், வரிக்கு 80 எழுத்தும் 24 வரியும் கொண்ட திரையைப் பொதுவழக்காக்கியிருந்தது. ஆகவே குரலஞ்சல் இயந்திரம் செய்தவர்கள் பராமரிப்புக்கெனப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. தரம் வகுக்கப்பட்டது, தொலைபேசிக் கம்பி வழியாகத் தரவை அனுப்பும் மோடத்தோடு முனையத்தை இணைப்பதற்காக. கணினியும் முனையம்போலவே 2ஆம் ஊசியில் அனுப்பி 3ஆம் ஊசியில் பெறும்படி அமைந்திருந்தால், இருவரும் ஒரே கம்பியில் பேசி, மற்றதில் இருவரும் காத்திருப்பார்கள். அந்த இரண்டையும் குறுக்கே மாற்றிக் கட்டிய கேபிள்தான் இதற்குத் தீர்வு. திரை வெறுமையாகக் கிடந்தால் அனுபவமுள்ளவர்கள் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். அடுத்து வேகப் பொருத்தத்தை.

தனிவழியின் தேவையை நன்றாகக் காட்டுவது எஸ்.எம்.டி.ஐ. இணைப்பு. தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையம், யாருக்கு வந்த அழைப்பு, ஏன் திருப்பப்பட்டது என்ற விவரங்களை, பெரும்பாலும் செக்கனுக்கு 1,200 பிட் வேகத்தில், இந்தத் தொடர் கம்பி வழியாகக் குரலஞ்சலுக்குத் தெரிவிக்கிறது. பேச்சு வேறு கம்பியில் போகிறது. எஸ்.எம்.டி.ஐ. கம்பி மட்டும் அறுந்தால் குரலஞ்சல் அழைப்பை ஏற்கவே செய்யும். ஆனால் யாருடைய பெட்டி என்று அதற்குத் தெரியாது. உரியவரின் வாழ்த்துரை ஒலிக்க வேண்டிய இடத்தில் பொதுக்குரல் ஒன்று பெட்டி எண்ணைக் கேட்கும். செய்தி வந்திருப்பதைக் காட்டும் விளக்கும் எரியாது. வெளியிலிருந்து கேட்பவருக்கு இயந்திரம் நலமாகவே தோன்றும். எந்த இணைப்பு செத்தது என்பதை முனையத் திரையின் பிழைப் பதிவேடுதான் சொல்லும்.

தொலைபேசி விசைகளாலேயே நிர்வாகத்தைச் செய்யலாமே என்று கேட்கலாம். கடவுச்சொல்லை மாற்றவும் வாழ்த்துரை பதியவும் அது போதும். ஆனால் பேச்சுவழியே அடைபட்டால் அந்தக் கதவும் சேர்ந்து அடைபடும். இதைவிடக் கனமான ஆட்சேபம் மோடத்தைப் பற்றியது. ஆர்.எஸ்.232 ‘சி’ பரிந்துரைத்த கேபிள் நீளம் சுமார் 15 மீற்றர்தான். ஆகவே பழுதுபார்ப்பவர் நேரில் வர வேண்டும். இலங்கையின் பூண்டுலோயா போன்ற மலையக ஊருக்கு அவர் வர, தலவாக்கலைப் பக்கமாகவோ தவலந்தன்னைப் பக்கமாகவோ வளைவுகளில் ஏறியாக வேண்டும். மண்சரிவு நாட்களில் அதுவும் நிச்சயமில்லை. இத்தகைய இடங்களுக்கு முனையத்தை மோடத்தோடு இணைத்துத் தொலைவிலிருந்தே பழுதுபார்ப்பது வரப்பிரசாதம். ஆனால் அதே மோடத்தின் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் திருடனும் உள்ளே வரலாம். வந்து, நிறுவனத்தின் செலவில் வெளிநாட்டு அழைப்புகளும் எடுக்கலாம். 1980, 90களில் தொலைபேசிக் கட்டண மோசடி பெரிய தொல்லையாக இருந்தது உண்மையே. எனினும் பழி தனிவழிக்கு உரியதல்ல. இயந்திரத்தோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டதும், மோடத்தை இரவுபகலாகத் திறந்துவைத்ததுமே கதவைத் திறந்தன. அழைத்தவரைத் துண்டித்து, பதிவிலுள்ள எண்ணுக்குத் திரும்ப அழைக்கும் முறையும், தேவைப்படும்போது மட்டும் மோடத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பழக்கமும் ஆபத்தைப் பெரிதும் குறைத்தன.

1995இல், தொலைக் கணினிக்குள் மறைகுறியாக்கி நுழையும் எஸ்.எஸ்.எச். முறை வந்து, குரலஞ்சலும் இணைய நெறிமுறைக்கு மாறிய பிறகு தொடர் கம்பி தேவையற்றதாகிவிட்டது என்ற வாதம் வலுத்தது. அன்றாட வேலைக்கு அது சரிதான். மறைகுறியாக்கிய இணைப்பு பழைய கம்பியை விட வேகமானது, பாதுகாப்பானது. ஆனால் இப்போது பேச்சும் பராமரிப்பும் ஒரே வலையமைப்பில் ஓடுகின்றன. முகவரி ஒன்றைத் தவறாக இட்டால் இரண்டும் சேர்ந்து விழும். வலையமைப்புக் கருவிகளைச் செய்யும் சிஸ்கோ போன்ற நிறுவனங்கள் இன்றும் தனியான கன்சோல் துறையை, அதாவது பராமரிப்புக் கம்பி செருகும் வாயை, வைத்து விற்பது இதனால்தான். பல கருவிகளில் அதன் இயல்பு வேகம் இன்னும் செக்கனுக்கு 9,600 பிட்தான். குரலஞ்சல் வெறும் மென்பொருளாகி மெய்நிகர் இயந்திரத்துக்குள் போன பின்னும், அந்த இயந்திரத்துக்கு மெய்நிகர் தொடர் துறை ஒன்றைப் பொருத்திக்கொள்ள முடிகிறது. ஊசியும் வோல்ற்றளவும் போய்விட்டன. வலையமைப்பு விழுந்தாலும் உள்ளே எட்டிப்பார்க்க ஒரு வழி மட்டும் வைத்திருக்கிறார்கள்.