மஞ்சள் விளக்கோட பூர்வீகம்

காரோட டாஷ்போர்டுல இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிஞ்சா பட்டணத்துல பலருக்கும் வயித்தைக் கலக்கும். ஸ்கேனரை மாட்டினா ஒரு எரர் கோட் வரும். சென்சாரை மாத்துவாங்க, விளக்கு அணையும். பத்து நாள்ல மறுபடி எரியும். இந்த விளக்குக்குப் பூர்வீகம் கீரைத் தோட்டம்னு சொன்னா நம்புவீங்களா?

1940-களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைக் கண் எரிய வைக்கும் புகைமூட்டம் சூழ்ந்தது. சுத்துவட்டார விவசாயிகளோட கீரை, லெட்யூஸ் இலைகளின் அடிப்பக்கம் வெள்ளி பூசின மாதிரி வெளுத்துக் கருகுச்சு. பூச்சியும் இல்ல, நோயும் இல்ல. கால்டெக் நிறுவனத்தில் அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ஞ்சுக்கிட்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சுக்காரர் இதைக் கையில் எடுத்தார். பெட்ரோல் ஆவியையும் ஓசோனையும் கலந்து செடிகள் மேல விட்டுப் பார்த்தா, அதே காயம்! வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்துதான் இந்த விஷம் உருவாகுதுன்னு 1952-ல் எழுதினார். எண்ணெய்க் கம்பெனிகள் லேசில் ஒத்துக்கலை. 1968-ல் கலிபோர்னியா காற்று வள வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார். பயிர் கருகினதைப் பார்த்து ஆரம்பிச்ச ஆராய்ச்சி கார் கம்பெனி வாசல் வரைக்கும் போனது எனக்குத் தனி சந்தோஷம்தான்.

புகையைச் சுத்தம் பண்ணும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஒழுங்கா வேலை செய்ய, 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து வேணும். அதைக் கண்காணிக்க ஆக்ஸிஜன் சென்சாரை பாஷ் கம்பெனி தயாரிச்சு, 1976-ல் வோல்வோ காரில் வந்தது. 1980-களின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள்ல ரெண்டு பின்னை ஒயரால இணைச்சா விளக்கு விட்டு விட்டு எரியும். அதை எண்ணித்தான் கோட் தெரிஞ்சுக்கணும். 44 வந்தா பெட்ரோல் கம்மி, 45 வந்தா ஜாஸ்தி. கம்பெனிக்கு ஒரு பாஷை! 1988 மாடல் வண்டிகளில் இருந்து கலிபோர்னியா இந்தக் கண்காணிப்பைக் கட்டாயமாக்குச்சு. 1996-ல் அமெரிக்கா முழுக்க ஓபிடி-2 என்ற ஒரே பாஷை வந்தது. நம்ம நாட்டுக்கு பி.எஸ்.4 காலத்துலயே வந்துருச்சு.

வம்பு எங்கன்னா, அந்தப் பாஷையைத் தப்பா படிக்கிறதுலதான். பி0171-ஐ எடுத்துக்குங்க. 'கலவையில் பெட்ரோல் போதலை'ன்னுதான் அதுக்கு அர்த்தம். 'சென்சார் கெட்டுப்போச்சு'ன்னு அது சொல்லவே இல்ல. இலை மஞ்சளானா இலையைப் பறிச்சுப் போட்டா ஆச்சா? வேரைப் பார்க்க வேண்டாமா? என் பங்காளி ஒருத்தர் ரெண்டு தடவை ஆக்ஸிஜன் சென்சாருக்குக் காசு அழுதார். கடைசியில் கீறல் விட்டிருந்தது ஒரு ரப்பர் ஹோஸ்! அது வழியா திருட்டுத்தனமா காத்து புகுந்திருக்கு. சென்சார் பாவம், உண்மையைத்தான் சொல்லிக்கிட்டிருந்துச்சு.

அப்புறம் ஏன் பத்து நாள் அணைஞ்சே கிடந்தது? கோடை அழிக்கும்போது கம்ப்யூட்டர் அதுவரைக்கும் கத்துக்கிட்ட கணக்கும் சேர்ந்து போயிடும். அது புதுசா கத்துக்கணும். அப்புறமும் இந்த மாதிரிக் குறையை அடுத்தடுத்த ரெண்டு ஓட்டத்துல பார்த்தாத்தான் விளக்கைப் போடும். அதுக்குள்ள நீங்க பில்லைக் கட்டிட்டு வீட்டுக்கு வந்திருப்பீங்க.

ஸ்கேனர்ல 'ஃப்யூல் ட்ரிம்'னு ஒரு கணக்கு இருக்கும். கம்ப்யூட்டர் கூடுதலா எவ்வளவு பெட்ரோல் ஊத்துதுன்னு அது காட்டும். வண்டி நிக்கும்போது அது எகிறி, 2,500 ஆர்பிஎம்-ல் இறங்கினா காத்துக் கசிவுன்னு சந்தேகப்படுங்க. மேடு ஏறும்போது எகிறினா பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் பாருங்க. காத்தை அளக்கும் சென்சார்ல அழுக்கு சேர்ந்திருந்தாலும் இப்படி வரலாம். மாத்தறதுக்கு முன்னாடி அதுக்குன்னே உள்ள ஸ்ப்ரே அடிச்சுப் பார்க்கலாம்.

கோட் விழுந்த நேரத்தில் வண்டி என்ன வேகம், இன்ஜின் என்ன சூடுங்கிறதை 'ஃப்ரீஸ் ஃப்ரேம்'னு ஒரு பக்கத்தில் கம்ப்யூட்டர் எழுதி வெச்சிருக்கும். கோடை அழிச்சா அதுவும் போயிடும். அழிக்கிறதுக்கு முன்னாடி அதை உங்க போன்ல ஒரு படம் புடிச்சுக்குங்க.