ஒன்பது மாலைகளும் ஏழு பாலைகளும்

திருவனந்தபுரத்துக் கோட்டைக்குள், பத்மநாப சுவாமி திருக்கோயிலை அடுத்து நவராத்திரி மண்டபம் அமைந்துள்ளது. நவராத்திரியின் ஒன்பது மாலைகளிலும் அங்கே கச்சேரி நிகழும். பத்மநாபபுரத்திலிருந்து எழுந்தருளும் சரசுவதி தேவியின் திருமுன் நடைபெறுவதாதலின் கைதட்டல் கிடையாது. 1956-இல் எல்லை மாறிப் பத்மநாபபுரம் தமிழ் மாநிலத்தோடு சேர்ந்த பின்னும் தேவியின் யாத்திரை தொடர்ந்து வருகிறது.

ஒவ்வொரு மாலைக்கும் ஓர் இராகம் உரியது. அதில் சுவாதித் திருநாள் மகாராஜா (1813–1846) இயற்றிய கிருதி முதன்மையாகப் பாடப்பெறும். முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, நான்காம் நாள் தோடி, ஐந்தாம் நாள் பைரவி. இந்நான்கும் உறவினர் என்பதை நாம் பலகாலும் மறந்துவிடுகிறோம்.

சங்கராபரணத்தின் ஏழு சுவரங்களையும் மாற்றாது, அதன் மத்தியமத்தை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால் கல்யாணி பிறக்கும். காந்தாரத்தைக் கொண்டால் தோடி. தைவதத்தைக் கொண்டால் பைரவியின் தாயாகிய நடபைரவி. நிஷாதத்தைக் கொண்டாலோ பஞ்சமம் கிட்டாது. இம்முறையைக் கிரகபேதம் என்பர். மேனாட்டார் 'மோடு' என்பதும், சிலப்பதிகாரம் பேசும் ஏழு பாலைகளும் இம்முறையினவே. செம்பாலை அரிகாம்போதி, அரும்பாலை சங்கராபரணம், விளரிப்பாலை தோடி, மேற்செம்பாலை கல்யாணி என ஆய்வாளர் பலர் கொள்வர்.

இதுவரை இரு இசைக்கும் வழி ஒன்றே. பிரிவது எங்கே? மேனாட்டார் ஒவ்வொரு மோடிலும் முதல், மூன்றாம், ஐந்தாம் சுவரங்களை ஒருங்கே ஒலித்துக் 'கார்டு' என்பர். அவற்றையே நம் தாட்டு வரிசைபோல் இடை தாண்டி ஒன்றன்பின் ஒன்றாக இசைத்தால் 'ஆர்ப்பெஜியோ'. கல்யாணியின் ஸ-க-ப, சங்கராபரணத்தின் ம-த-ஸ. தோடியின் ஸ-க-ப, அதன் க-ப-நி. முன்னதில் காந்தாரம் பெரிது, பின்னதில் சிறிது. மோடின் குணத்தைப் பெரிதும் காட்டிக்கொடுப்பது இம்மூன்றாம் சுவரமே.

நம் பழைய உரையாசிரியர்களோ, நின்ற நரம்புக்கு ஐந்தாவதைக் கிளை என்றும், நான்காவதை நட்பு என்றும், மூன்றாவதையும் ஆறாவதையும் பகை என்றும் வகுத்தனர். கார்டின் உயிராகிய சுவரம் இங்கே பகையாயிற்று! காந்தாரம் வேண்டா என்பதன்று பொருள். உடன் நின்று தாங்கத் தக்கது கிளையே என்பதுதான் என நாம் கருதுகிறோம்.

வயலினின் வரலாறும் இதற்கு ஒத்துவருகிறது. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்கு 1834-இல் சுவாதித் திருநாள் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். கருவி மேனாட்டது, ஆனால் நம் வித்துவான்கள் அதன் நான்கு தந்திகளையும் ஷட்ஜத்திலும் பஞ்சமத்திலுமே கூட்டுகின்றனர்.

எனினும் சுருதி நன்கு சேர்ந்த தம்புராவின் மந்தர ஷட்ஜத் தந்தியைக் கூர்ந்து கேளுங்கள். அதிலிருந்து அந்தர காந்தாரம் தானே எழும். சங்கராபரணத்தின் ஸ-க-ப தம்புராவிலேயே அடங்கியுள்ளது. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) ஆங்கிலேயரின் பாண்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தபோது, அந்த நோட்டுசுவரங்கள் சங்கராபரணத்தில் அமைந்ததில் வியப்பில்லை. தோடியின் காந்தாரமோ அசைந்து அசைந்து உயிர் பெறுவது; அதை அசைவின்றி நிறுத்தினால் சுவரம் இருக்கும், தோடி இராது.

வெளி மாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகளுட் பலர் இன்று கீபோர்டு பயில்கின்றனர். பாட்டி பாடும் கிருதிக்குக் கார்டு வாசிக்க அவர்கள் விரும்பினால் தடுக்க வேண்டா. சங்கராபரணத்துக்கு ஸ-க-ப வாசிக்கட்டும். கல்யாணியில் பாடகர் ஷட்ஜ பஞ்சமங்களை விட்டுச் செல்லும் இடங்களில் சற்றே காத்திருக்கட்டும். தோடி தொடங்கியதும் காந்தாரத்திலிருந்து விரலை எடுத்துவிட்டு, ஷட்ஜ பஞ்சமங்களை மட்டும் அழுத்தியிருக்கச் சொல்லுங்கள்.