கவாத்திலிருந்து கல்விக்கு

நம் பள்ளிகளில் விளையாட்டுத் திடலுக்குப் பொறுப்பேற்றவருக்குக் காலந்தோறும் வெவ்வேறு பெயர்கள் வழங்கி வந்துள்ளன. நம் பாட்டனார் காலத்தில் அவர் 'டிரில் மாஸ்டர்'. நம் தந்தையர் காலத்தில் 'பி.டி. மாஸ்டர்'. இன்றைய பணிப் பதிவேட்டில் அவர் 'உடற்கல்வி ஆசிரியர்'. அடுத்த நிலைக்கு உயர்ந்தால் 'உடற்கல்வி இயக்குநர்'. இவை வெறும் பெயர் மாற்றங்கள் அல்ல. கவாத்துப் பழக்கும் ஒருவர், பட்டமும் பயிற்சியும் பெற்ற ஆசிரியராக ஏற்கப்படுவதற்கு நூறாண்டுக்கும் மேலான காலம் தேவைப்பட்டது. அந்த வரலாற்றின் இந்திய அத்தியாயம் நம் சென்னையில்தான் தொடங்கியது என்பதைப் பலர் அறியார்.

பந்து விளையாடவும் கயிறு தாண்டவும் கற்றுத்தர ஒருவர் ஏன் பட்டம் பெற வேண்டும் என்று கேட்போர் இன்றும் உளர். படித்தவர்களே கேட்கிறார்கள். இக்கேள்விக்கு வரலாறு தரும் விடையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

படைவீரர் பயிற்றுநரானார்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் உடற்பயிற்சி பெற்ற எழுச்சிக்குப் போர்த்தோல்விகள் ஒரு காரணம். 1806இல் நெப்போலியனிடம் தோற்ற பிரஷ்யாவில், 1811ஆம் ஆண்டு பிரெடரிக் லுட்விக் யான் பெர்லின் நகரருகே திறந்தவெளிப் பயிற்சிக்களம் ஒன்றை நிறுவினார். 1809இல் பின்லாந்தை இழந்த சுவீடனில், பெர் ஹென்ரிக் லிங் 1813இல் ஸ்டாக்ஹோமில் ஓர் உடற்பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். பயிற்றுநர்களையே பயிற்றுவிக்க எழுந்த முன்னோடி நிலையங்களுள் அது குறிப்பிடத்தக்கது. உடலமைப்பைப் படித்தறியாதவர் பிறர் உடலைப் பயிற்றுவிக்கலாகாது என்பது லிங் வகுத்த நெறி.

இங்கிலாந்தில் நிலைமை வேறாக இருந்தது. 1860இல் படையிலிருந்து பன்னிரு வீரர்கள் ஆக்ஸ்போர்டில் ஆர்ச்சிபால்ட் மெக்லாரனிடம் பயிற்சி பெற்றுத் திரும்பினர். படைக்கென்று உடற்பயிற்சிப் பிரிவு ஒன்று அதிலிருந்து உருவாயிற்று. தொடக்கப் பள்ளிகளிலோ 1871ஆம் ஆண்டு விதிகளின்படி வாரத்திற்கு 2 மணி நேரம், ஆண்டுக்கு 20 வாரங்கள் வரை கவாத்துப் பழகுவது பள்ளி வருகையாகக் கணக்கிடப்பட்டது. அதனைக் கற்பித்தவர்கள் பெரும்பாலும் படையைச் சேர்ந்த சார்ஜென்டுகள். வரிசையில் நிற்றல், திரும்புதல், நடத்தல், கட்டளைக்குக் கீழ்ப்படிதல் ஆகிய இவையே பாடம். ஏழைக் குழந்தையை அடக்கமுள்ளவனாக்க இதுவே போதும் என்று கருதப்பட்டது.

1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் படைக்குச் சேர வந்தோரில் பலர் உடல்தகுதியற்றவர்கள் எனக் கழிக்கப்பட்டபோது நாடே அதிர்ந்தது. உடனே 1902இல் போர்த்துறையின் துணையோடு பள்ளிகளுக்கென 'மாதிரிப் பாடத்திட்டம்' ஒன்று வெளியிடப்பட்டது. அது படைக் கவாத்தின் மறுபதிப்பே. குழந்தையின் வயது, வளர்ச்சி, இயல்பு எதையும் அது கருதவில்லை என்று கல்வியாளரும் மருத்துவரும் கடுமையாக எதிர்த்தனர். இரண்டே ஆண்டுகளில் அது கைவிடப்பட்டு, 1904இல் புதிய பாடத்திட்டம் வந்தது. 1909ஆம் ஆண்டுத் திட்டமோ கல்வித்துறையின் மருத்துவப் பிரிவின் மேற்பார்வையில் உருவானது. சார்ஜென்ட் கையிலிருந்த பொறுப்பு மருத்துவரின் கைக்கும் ஆசிரியரின் கைக்கும் மாறியது இப்படித்தான். குழந்தை சிறிய படைவீரன் அல்லன் என்ற எளிய உண்மையை ஒரு நாடு உணர இத்தனை காலம் ஆயிற்று!

இத்துறையில் பெண்கள் முந்திக்கொண்டார்கள் என்பதும் நோக்கத்தக்கது. ஸ்டாக்ஹோமில் பயின்ற மார்ட்டினா பெர்க்மன் என்ற சுவீடன் நாட்டு மங்கை, 1885இல் லண்டனில் பெண்களுக்கான உடற்கல்வி ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். 1895இல் அது டார்ட்போர்டுக்கு மாறியது. உடலமைப்பியலும் உடலியங்கியலும் சுகாதாரமும் கற்று, பள்ளிகளில் பாடம் நடத்திப் பழகிய பின்னரே அங்குள்ள மாணவியர் ஆசிரியராயினர். ஆண்களுக்கென இங்கிலாந்தில் இத்தகைய தனிக் கல்லூரி 1933இல்தான் லீட்ஸ் நகரில் எழுந்தது.

ஸ்பிரிங்பீல்டில் ஒரு வகுப்பு

1844இல் லண்டனில் பிறந்த கிறிஸ்தவ இளைஞர் சங்கம், அதாவது ஒய்.எம்.சி.ஏ., அமெரிக்காவில் உடற்பயிற்சிக் கூடங்களைப் பெருக்கியது. அவற்றை நடத்தத் தகுந்தவர்களை உருவாக்க மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஒரு பயிற்சிப் பள்ளி இயங்கியது. அங்கு உடற்கல்விக்குத் தலைமையேற்ற லூதர் குலிக், உடல், உள்ளம், ஆவி என்னும் மூன்றும் இணைந்த முழுமையே மனிதன் என்பதைக் காட்ட முக்கோணம் ஒன்றைச் சின்னமாக வகுத்தார். ஒய்.எம்.சி.ஏ.யின் முகப்பில் நாம் இன்றும் காண்பது அம்முக்கோணமே.

1891ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அங்கே நிகழ்ந்தது ஒன்று. வெளியே பனி, உள்ளே சலிப்பூட்டும் கவாத்து. பயிற்சி பெற வந்த வளர்ந்த மாணவர்கள் பொறுமையிழந்திருந்தனர். அவ்வகுப்பு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற இளம் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கனடாவில் இறையியல் பயின்று முடித்தவர். கூடத்தின் இருபுறமும் பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் பொருத்தி, 13 விதிகளை எழுதி, புதிய ஆட்டம் ஒன்றை அவர் அறிமுகப்படுத்தினார். இன்று உலகெங்கும் ஆடப்படும் கூடைப்பந்து அதுவே. ஆசிரியப் பயிற்சி வகுப்பொன்றின் சிக்கலுக்குத் தீர்வாக அது பிறந்தது என்பதை நாம் மறக்கலாகாது. மாணவர்கள் அடங்கவில்லை என்றபோது பிரம்பை எடுக்காமல், பாடத்தை மாற்றியமைத்தார் நெய்ஸ்மித். கவாத்து மாஸ்டருக்கும் ஆசிரியருக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

சென்னைக்கு வந்த விதை

அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்றவர்தாம் ஹாரி குரோ பக். 1919இல் சென்னை வந்த அவர், மறு ஆண்டே, அதாவது 1920இல், ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே இத்தகைய முதல் நிறுவனம் என்று அது போற்றப்படுகிறது. சிறிய அளவில் தொடங்கி, இடங்கள் மாறி, அடையாற்றங்கரையில் நந்தனத்தில் அது நிலைகொண்டது. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்கு இந்திய வீரர்களுடன் சென்றவரும் பக்கே. வெற்றிக்கோப்பைகளைக் குவிப்பதை அவர் தம் இலக்காகக் கொள்ளவில்லை. ஊர்தோறும் பள்ளிகளுக்குச் செல்லும் ஆசிரியர்களை உருவாக்குவதே அவர் தம் வாழ்நாள் பணியாயிற்று. 1943இல் அவர் மறையும்போது, அவரிடம் பயின்றவர்கள் நாட்டின் பல பகுதிகளிலும் பணியாற்றிக் கொண்டிருந்தனர். 1930களில் ஐதராபாத், கல்கத்தா, பம்பாயை அடுத்த காந்திவலி ஆகிய இடங்களிலும் பயிற்சி நிறுவனங்கள் எழுந்தன.

இதற்கு முன் தமிழ் மண்ணில் உடலைப் பயிற்றுவிப்போர் இல்லையா? இருந்தனர். சிலம்பம் கற்பித்த ஆசான்கள் இருந்தனர். மல்யுத்தம் பழக்கிய பயில்வான்கள் இருந்தனர். அவர்களுடைய புலமையைக் குறைத்து மதிப்பிடுவது அறிவுடைமையாகாது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆசான் தம் சீடனைத் தாமே தேர்ந்துகொள்வார். வலிமையும் ஆர்வமும் உள்ளவனே அவரை நாடி வருவான். பள்ளி ஆசிரியரோ வருகைப் பதிவேட்டில் உள்ள அனைவருக்கும் கற்பிக்கக் கடமைப்பட்டவர். ஓடத் தெரிந்தவனுக்கு மட்டுமன்று, ஓட அஞ்சுகிறவனுக்கும் அவரே ஆசிரியர். இளைப்பு நோயுள்ள சிறுவனும், காலை உணவின்றி வந்த சிறுமியும், போலியோவால் கால் சூம்பிய பிள்ளையும் அவருடைய வகுப்பில் உண்டு. யார் எவ்வளவு ஓடலாம், எந்த வயதில் எந்தப் பயிற்சி தீங்காகும், மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்பவற்றை வெறும் அனுபவம் மட்டுமே கற்றுத்தராது. உடலமைப்பியலும் குழந்தை உளவியலும் முதலுதவியும் பயிற்சிப் பாடங்களானது இதனால்தான். முதலில் எழுப்பிய கேள்விக்கு விடையும் இதுவே: வல்லவனை வெல்ல வைப்பதற்குப் பட்டம் தேவையில்லாதிருக்கலாம், மெலிந்தவனை விலக்காமல் கற்பிப்பதற்கு அது தேவை.

சான்றிதழிலிருந்து பட்டத்திற்கு

விடுதலைக்குப்பின் நடுவண் அரசு 1950இல் உடற்கல்விக்கென ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தது. 1956இல் தேசிய உடற்கல்வித் திட்டம் வெளிவந்தது. அதுவரை பள்ளியிறுதி முடித்தோர்க்குச் சான்றிதழ், பட்டதாரிகளுக்குப் பட்டயம் என்ற அளவிலேயே இப்பயிற்சி நின்றிருந்தது. 1957இல், முதல் விடுதலைப் போரின் நூற்றாண்டில், குவாலியரில் ராணி லட்சுமிபாய் பெயரால் கல்லூரி நிறுவப்பட்டு, உடற்கல்வியில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு தொடங்கிற்று. சென்னையில் பணியாற்றிய பி.எம். ஜோசப் அதன் முதல் முதல்வரானார். நந்தனத்தில் ஊன்றிய விதை குவாலியரிலும் கிளைத்தது என்று கூறலாம்.

பின்னர் பல்கலைக்கழகங்கள் பி.பி.எட்., எம்.பி.எட். படிப்புகளை நடத்தலாயின. ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழு 1995இல் சட்ட அதிகாரத்துடன் இயங்கத் தொடங்கியபின், இப்பயிற்சிக்கும் பிற ஆசிரியப் பயிற்சிகளைப் போலவே அங்கீகாரம் கட்டாயமாயிற்று. பட்டதாரிகளுக்கு ஓராண்டாக இருந்த பி.பி.எட். படிப்பை 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் ஈராண்டாக்கின. தமிழகத்தில் 2005இல் உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் தனிப் பல்கலைக்கழகமே உருவாயிற்று. ஏட்டளவில் பார்த்தால் டிரில் மாஸ்டர் முழுமையாக ஆசிரியராகிவிட்டார்.

ஏட்டில் உள்ளதும் பள்ளியில் உள்ளதும்

ஆயினும் பள்ளி வளாகத்தில் காண்பது என்ன? தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டு நேரம். கணக்கு ஆசிரியர் அதைக் கேட்டுப் பெறுகிறார். உடற்கல்வி ஆசிரியரும் மறுப்பதில்லை. விழா என்றால் வரிசையை ஒழுங்குபடுத்த அவர் வேண்டும். விருந்தினர் வந்தால் அணிவகுப்புக்கு அவர் வேண்டும். தலைமுடி வளர்த்த மாணவனைக் கண்டிக்க அவர் வேண்டும். பட்டம் பெற்ற ஆசிரியரை நாம் மீண்டும் சார்ஜென்ட் ஆக்குகிறோம். 1871இல் இங்கிலாந்து அவருக்குத் தந்த வேலையையே நாமும் தருகிறோம் அல்லவா?

2012இல் தமிழக அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், தையல், இசை முதலிய பாடங்களுக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் நியமிக்கப்பட்டனர். பணி நிரந்தரம் கோரி அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட நேர்ந்தது. படிப்பின் காலத்தை நீட்டுகிறோம். படித்தவரின் தகுதியை உயர்த்த மறுக்கிறோம். இம்முரண்பாடு அரசுக்கு மட்டும் உரியதன்று. தனியார் பள்ளிகளும் நம் கத்தோலிக்கப் பள்ளிகளும் தம்மைத் தாமே சோதித்துப் பார்க்க வேண்டிய இடம் இது.

இதன் வேர் ஊதியத்தில் மட்டும் இல்லை. உடலைப் பற்றிய நம் எண்ணத்தில் உள்ளது. உடல் என்பது உள்ளத்தைச் சுமக்கும் வண்டி, அதைப் பழக்கினால் போதும், கற்பிக்கத் தேவையில்லை என்ற எண்ணம் நம்முள் ஆழப் பதிந்திருக்கிறது. உடலும் ஆன்மாவும் இரு பொருள்கள் அல்ல, ஆன்மாவால் உருப்பெற்ற உடலே மனிதன் என்று விளக்கினார் புனித தாமஸ் அக்குவினாஸ். உடலைத் தூய ஆவியின் ஆலயமாகக் கண்டார் புனித பவுல். உடம்பை இறைவன் குடிகொண்ட கோயிலாகப் பாடினார் நம் திருமூலர். இவர்களை மேடைகளில் போற்றிவிட்டு, விளையாட்டு நேரத்தை வீண் நேரம் என்று கருதுவோமாயின் நம் போற்றுதலுக்குப் பொருளில்லை.

பெரிய மாற்றங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒதுக்கிய விளையாட்டு நேரத்தை மார்ச் மாதத்திலும் பறிக்காதிருக்கலாம். பரிசு வாங்கும் பதினொருவரைப் பற்றி மட்டும் கேளாமல், மரநிழலில் ஒதுங்கி நிற்கும் பிள்ளைகளுக்கு இவ்வாண்டு என்ன கற்பித்தீர்கள் என்று உடற்கல்வி ஆசிரியரிடம் மதிப்போடு கேட்கலாம். அக்கேள்விக்கு விடையளிக்கவே அவர் பயின்று வந்திருக்கிறார். கேட்பாரின்றி அவருடைய கல்வி வீணாகிக் கொண்டிருக்கிறது.