பொந்தியான் மாவட்ட உள்ளாட்சி

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், மலாக்கா நீரிணையை ஒட்டிய தென்மேற்குக் கரையில் அமைந்தது பொந்தியான் மாவட்டம். தலைமை ஊர் பொந்தியான் கெச்சில். பெனூட், பெக்கான் நனாஸ், குக்கூப் ஆகியவை மற்ற ஊர்கள். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாய் முனையும் இம்மாவட்டத்தில்தான் உள்ளது. இங்குள்ள வாக்காளர்கள் இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்களையும் நான்கு சட்டமன்ற உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கிறார்கள். தெருவிளக்கையும் சந்தையையும் கவனிக்கும் நகராண்மைக் கழகத்துக்கு மட்டும் அவர்கள் வாக்களிப்பதில்லை.

மாவட்டத்தின் பெரும்பகுதி சதுப்பும் கரிமண்ணும். இங்கே குடியேறிய ஜாவானியரும் பூகிஸ் மக்களும் காட்டிலிருந்து கடல்வரை வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். மலாயில் வாய்க்காலுக்குப் பாரிட் என்று பெயர். ஒவ்வொரு பாரிட்டுக்கும் ஒரு தலைவர் இருப்பார். தூர் வாருவதற்கு ஆள் திரட்டுவது அவர் பொறுப்பு. பொந்தியானில் உள்ளாட்சி என்று சொல்லத்தக்கது இந்த வாய்க்கால் கரையில்தான் தொடங்கியது. இன்றும் பல ஊர்ப்பெயர்கள் பாரிட் என்றே தொடங்குகின்றன. 19ஆம் நூற்றாண்டு ஜோகூரில் மிளகும் கம்பீரும் பயிரிட்ட சீனக் குடியேறிகளிடையே நிலவியது வேறொரு முறை. ஓர் ஆற்றங்கரை முழுவதும் காங்சூ எனப்படும் தலைவர் ஒருவருக்குப் பட்டயமாக வழங்கப்படும். அபின், சாராயம், சூதாட்டம், அடகு ஆகியவற்றின் உரிமையும் அவருக்கே சேரும். இம்முறை 1917இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

மலாயாவில் உள்ளாட்சித் தேர்தல் 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் தொடங்கியது. 1952இல் வந்த உள்ளாட்சி மன்றச் சட்டம் புதுக்கிராமங்களுக்கும் வாக்குரிமை தந்தது. கம்யூனிஸ்டு எதிர்ப்புப் போருக்காக முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்ட மக்கள் தங்கள் மன்றத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள் என்பது இன்று நினைத்தாலும் வியப்புதான்.

அந்த வாக்குரிமை பறிபோன கதையில் பொந்தியானுக்கு நேரடிப் பங்கு உண்டு. 1964 ஆகஸ்டு 17 இந்தோனேசியாவின் சுதந்திர நாள். அன்று சுமார் நூறு பேர் கொண்ட இந்தோனேசியப் படை நீரிணையைக் கடந்து பொந்தியான் கரையில் இறங்கியது. மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ நடத்திய மோதல் தீபகற்பத்துக்கே வந்துவிட்டது. இறங்கியவர்களில் பெரும்பாலோர் பிடிபட்டனர். செப்டம்பர் 2 அன்று ஜோகூரின் லாபிஸ் பகுதியில் இந்தோனேசிய வான்குடைப் படையினர் இறங்க, மறுநாள் நாடு முழுவதும் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. அதன்கீழ் 1965 மார்ச் 1 முதல் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்திவைக்கப்பட்டது. அமைதி திரும்பியதும் தேர்தல் நடக்கும் என்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். மோதல் 1966 ஆகஸ்டில் முடிந்தது, தேர்தல் வரவில்லை. நகரங்களில் எதிர்க்கட்சிகள் வலுவாக இருந்ததையும் கணக்கில் கொள்ளாமல் இந்தத் தாமதத்தை விளக்க முடியாது.

இதற்கிடையே உள்ளாட்சிகளின் செயல்பாட்டை ஆராய 1965இல் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. தலைவர் மலேசிய இந்தியக் காங்கிரஸைச் (ம.இ.கா.) சேர்ந்த வழக்கறிஞர் ஆதி நாகப்பன். ஆணையம் ஊர் ஊராகச் சாட்சியம் கேட்டு 1968இல் அறிக்கையை முடித்தது. அது வெளிவர 1971 ஆயிற்று. முறைகேடுகளை மறைக்காமல் எழுதிய அந்த அறிக்கை, நியமன மன்றத்தைவிடத் தேர்ந்தெடுத்த மன்றமே மேல் என்று முடிவு சொன்னது. அரசு அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் தேர்தலை அடியோடு நீக்கியது. அச்சட்டப்படி தலைவரையும் 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்களையும் மாநில அரசே நியமிக்கும். பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேற்படாது. நடைமுறையில் ஆளும் கூட்டணிக் கட்சிகள் இடங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. தமிழருக்கான இடமும் பெரும்பாலும் கட்சி வழியே வருகிறது. பொந்தியானில் இச்சட்டத்தின்கீழ் மாவட்ட மன்றமாக இருந்த அமைப்பே இப்போது நகராண்மைக் கழகம்.

உள்ளாட்சி தொடங்கிய வாய்க்கால்களின் நிலமும் இதற்கிடையே மாறியது. 1974இல் உலக வங்கிக் கடனுடன் மேற்கு ஜோகூர் வேளாண் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. கடலோரத் தடுப்புக் கரைகளும் வடிகால்களும் அலைக்கதவுகளும் அமைக்கப்பட்டன. கடல் ஏறும்போது நீரின் அழுத்தமே கதவைச் சாத்திவிடும். இறங்கும்போது உள்ளே தேங்கிய தேநீர் நிற நீர் அதைத் தள்ளித் திறந்து வெளியேறும். பலன் கிடைத்தது உண்மை. ஆனால் நீர் வடிந்த கரிமண் காற்றுப் பட்டு மக்கி அமிழ்கிறது. மேற்கு ஜோகூரில் நடந்த அளவீடுகள், வடித்துப் பல பத்தாண்டுகள் ஆன நிலமும் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. தாழ்வதைக் காட்டின. வேர் வெளியே தெரிய எண்ணெய்ப்பனைகள் சாய்கின்றன. நிலம் தாழத் தாழ, கடலுக்கு நீர் வடிவதும் கடினமாகிறது.

வாய்க்கால் அடைத்துக்கொண்டால் யாரிடம் போவது என்பது இங்கே எளிய கேள்வி அல்ல. நிலம் மாநிலத்துக்குரியது. வடிகாலும் சமூகநலனும் மத்திய, மாநிலப் பொதுப்பட்டியலில் உள்ளன. பெரிய வடிகால் நீர்ப்பாசன வடிகால் துறையிடமும், ஊருக்குள் ஓடும் சாக்கடை நகராண்மைக் கழகத்திடமும் இருக்கின்றன. வீட்டுக் குப்பையைக்கூட 2011 செப்டம்பர் முதல் மத்தியச் சட்டத்தின்கீழ் குத்தகை நிறுவனமே அள்ளுகிறது. ஏழைக் குடும்பத்துக்கான மாத உதவி 1946இல் தோன்றிய சமூகநலத் துறை வழி வருகிறது. 2012இல் தொடங்கிய பிரிம் ரொக்க உதவி கோலாலம்பூரிலிருந்து நேரே வந்தது. பொந்தியானில் அலுவலகங்களுக்குப் பஞ்சமில்லை. ஊர்மக்கள் வாக்கால் இறக்கக்கூடிய அதிகாரி அவற்றில் ஒருவரும் இல்லை.

பினாங்கு மாநில அரசு உள்ளாட்சித் தேர்தலை மீட்கத் தொடுத்த வழக்கைக் கூட்டரசு நீதிமன்றம் 2014இல் தள்ளியது. 2018இல் ஆட்சிக்கு வந்த பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி அரசில் இப்பேச்சு மீண்டும் எழுந்தது. இனப் பிளவு கூடும் என்று பிரதமர் மகாதீர் அவ்வாண்டு டிசம்பரில் மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டே பொந்தியான் வாக்காளர்களுக்கு வேறொரு வாய்ப்பு வந்தது. 2018இல் 524 வாக்கு வித்தியாசத்தில் அக்கூட்டணி வென்ற தஞ்சோங் பியாய் தொகுதியில், 2019 நவம்பர் 16 இடைத்தேர்தலில் எதிரணியான தேசிய முன்னணி 15,086 வாக்குப் பெரும்பான்மையில் வென்றது. 2020 பிப்ரவரியில் மத்திய அரசு கவிழ்ந்தது. ஜோகூர் மாநில அரசும் கைமாற, பெனூட் சட்டமன்ற உறுப்பினர் ஹஸ்னி முகமது மந்திரி பெசார் (மாநில முதல்வர்) ஆனார். உள்ளாட்சி உறுப்பினர்களை நியமிக்கும் அதிகாரமும் புதிய மாநில அரசின் கைக்குப் போனது.