ஓடும்போது தொடாதே!

1990களில் அமெரிக்காவில் கேபிள் டிவி பார்த்தவர்களுக்கு ஒரு குருவைத் தெரியும். எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. வந்தால் கறுப்புத் திரையில், சிவப்புக் கட்டத்துக்குள் மின்னி மின்னி அணைவார். 'குரு மெடிட்டேஷன்' என்று இரண்டு வார்த்தை. கூடவே புரியாத சில எண்கள். அவ்வளவுதான் தரிசனம்.

சாமியார் சமாசாரம் இல்லை. ப்ரிவ்யூ கைடு என்று ஒரு சேனல் இருந்தது. எந்த சேனலில் எத்தனை மணிக்கு என்ன நிகழ்ச்சி என்று நாள் முழுக்கப் பட்டியல் ஓட்டிக்கொண்டே இருக்கும். அதற்காக ஒவ்வொரு ஊர் கேபிள்காரரின் அறையிலும் ஒரு கம்ப்யூட்டர். பெயர் அமிகா. காமடோர் கம்பெனியின் தயாரிப்பு. பக்கத்தில் ஆள் கிடையாது. அது பாட்டுக்கு ஓடும். உள்ளே சாஃப்ட்வேர் தடுமாறி விழுந்தால் அமிகா காட்டுகிற பிழைச் செய்திதான் மேற்படி குரு. அமிகாவை உருவாக்கிய பொடியன்கள் விளையாட்டாக வைத்த பெயர்.

ஆபீஸ் கம்ப்யூட்டர் படுத்தால் ஆபீசில் நாலு பேருக்குத் தெரியும். இது படுத்தால் ஊருக்கே தெரிந்தது. டிவி நிலையத்துக் கம்ப்யூட்டருக்கும் மற்ற கம்ப்யூட்டருக்கும் இதுதான் வித்தியாசம். அது ஓடும்போது கெட்டுப்போகக் கூடாது. ஓடும்போது சரி செய்யவும் முடியாது. அப்படியானால் எப்போதுதான் தொடுவது? இந்தக் கேள்விக்கு முப்பது சொச்சம் வருடங்களாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதைதான் இது.

கான்சாஸ் மாநிலத்தில் டொபீகா என்று ஓர் ஊர். 1985ல் அங்கே டிம் ஜெனிசன் என்பவர் நியூடெக் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார. கூட்டாளி, பால் மான்ட்கோமரி. இருவருக்கும் அமிகா பைத்தியம். காரணம் இருந்தது. அமிகாவின் உள்கடிகாரம் அமெரிக்க டிவி சிக்னலின் தாளத்தோடு ஒத்துப்போகும்படி வடிவமைக்கப்பட்டது. வேறெந்த மலிவுக் கம்ப்யூட்டரும் டிவி படத்தோடு அவ்வளவு இணக்கமாகக் குடித்தனம் நடத்தாது.

கல்யாண மண்டபத்தில் பார்த்திருப்பீர்கள். மூன்று கேமரா சுற்றிக்கொண்டிருக்கும். ஓரமாக ஒருவர் உட்கார்ந்து, மணமேடை, நாதஸ்வரம், முன்வரிசை மாமா என்று மாற்றி மாற்றிப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருப்பார். அவர் முன்னால் இருப்பது மிக்ஸர். எண்பதுகளில் டிவி தரத்துக்கு இந்த வேலையைச் செய்ய வேண்டுமானால் ஓர் அறை நிறைய சாமான் வேண்டும். விலை, பல்லாயிரம் டாலரில் ஆரம்பித்து லட்சங்களுக்குப் போகும். ஜெனிசன் அந்த அறையை ஒரே ஓர் அட்டைக்குள் அடக்கினார். அமிகாவுக்குள் செருகினால் போதும். கேமரா மாற்றலாம், எழுத்துப் போடலாம், படத்தை உருட்டலாம், புரட்டலாம். 1987ல் மாதிரியைக் காட்டினார்கள். 1990 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. விலை 2,399 டாலர். பெயர், வீடியோ டோஸ்டர். ஆமாம், ரொட்டி சுடும் டோஸ்டரேதான்.

சூடாக விற்றது. கூடவே வந்த லைட்வேவ் சாஃப்ட்வேரை வைத்து 1993ல் பாபிலோன் 5 தொடரின் விண்கலங்களைப் பறக்கவிட்டார்கள். அதே 1993ல் எம்மி விருதும் வந்தது.

அடுத்த வருடம் இடி இறங்கியது. 1994 ஏப்ரல் 29. காமடோர் கம்பெனி திவால்.

யோசித்துப் பாருங்கள். டோஸ்டரில் ஒரு குறையும் இல்லை. நியூடெக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டோஸ்டர் குடியிருக்கும் வீடு அமிகா. வீட்டுக்காரன் போய்விட்டான். இனிமேல் புது அமிகா யார் செய்வார்கள்? உள்ளே இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேரில் ஓட்டை இருந்தால் யார் அடைப்பார்கள்? அமிகாவின் உரிமை ஜெர்மனிக்குப் போனது, திரும்ப அமெரிக்காவுக்கே வந்தது. கை மாறியதே தவிர, கரை சேரவில்லை.

டோஸ்டரை நம்பித் தொழில் செய்தவர்கள் என்ன செய்தார்கள்? பழைய அமிகாக்களை உதிரி பாகத்துக்காக வாங்கிச் சேர்த்தார்கள். ஓடுகிற இயந்திரத்தைத் தொடவே பயந்தார்கள். 'ஓடுதா? அப்ப விட்டுடு' என்பது அங்கே வேத வாக்கானது. 2004ல் அமிகா டோஸ்டரின் மூல நிரல் பொதுவில் வெளியிடப்பட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். கிட்டத்தட்டக் காரியம் முடிந்தாகிவிட்டது.

பி.காம். படித்தவர்களுக்குத் தேய்மானம் என்கிற சங்கதி தெரியும். மேஜை வாங்கினால் வருடா வருடம் மதிப்பில் கொஞ்சம் கழிக்க வேண்டும். மேஜை தேய்கிறது, கால் ஆடுகிறது, கண்ணுக்குத் தெரிகிறது. சாஃப்ட்வேர் விஷயம் வேறு. பத்து வருடம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் அதில் ஓர் எழுத்துகூடத் தேய்ந்திருக்காது. தேய்வது அதைச் சுற்றியிருக்கும் உலகம். இயந்திரம் மாறும், கேபிள் மாறும், கேமரா மாறும், திருடன் மாறுவான். உள்ளே இருப்பது மட்டும் அன்று பிறந்த குழந்தை மாதிரி அப்படியே இருக்கும். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இந்தத் தேய்மானத்தை எழுதுவதில்லை. ஒருநாள் மொத்தமாக எழுதவேண்டி வரும்.

நியூடெக் டெக்சாஸ் மாநிலத்தின் சான் ஆன்டோனியோவுக்குக் குடிபெயர்ந்தது. டோஸ்டரை விண்டோஸுக்கு மாற்றியது. 2005ல் அடுத்த அஸ்திரத்தை எடுத்தது. டிரைகாஸ்டர். மூன்று கேமராக்களை இணைக்கும் ஒரு பெட்டி. கையில் தூக்கிக்கொண்டு போகலாம். படம் மாற்றலாம், ஒலி கலக்கலாம், பதிவு செய்யலாம், அப்படியே இன்டர்நெட்டிலும் அனுப்பலாம். தேவாலயங்களும் கல்லூரிகளும் சின்னச் சின்ன விளையாட்டு மைதானங்களும் வாங்கிப் போட்டன. இன்ஜினியர் வேண்டாம், ஒருத்தர் போதும்.

பெட்டியைத் திறந்தால் டிரைகாஸ்டர் திரைதான் தெரியும். ஆனால் உள்ளுக்குள் சாட்சாத் விண்டோஸ். முதல் தலைமுறைப் பெட்டிகளில் விண்டோஸ் எக்ஸ்பி. அதை முக்காடு போட்டு மறைத்து வைத்திருந்தார்கள். இது கம்ப்யூட்டர் என்று உங்களுக்குத் தெரிந்தால் கம்ப்யூட்டரில் செய்வதையெல்லாம் செய்வீர்கள் அல்லவா? அது கூடாது. தானாக அப்டேட் ஆகிற வசதிக்குப் பூட்டு. கண்ட சாஃப்ட்வேரை ஏற்றாதே. வைரஸ் தடுப்பானும் வேண்டாம். நாங்கள் கொடுக்கும் அப்டேட்டை மட்டும் போடு. எல்லாம் கெட்டுப்போனால், உள்ளேயே ஒரு மூலையில் தொழிற்சாலையில் வைத்த பிரதி இருக்கிறது, அதை எடுத்து முதல் நாள் நிலைமைக்குத் திரும்பு.

ஏன் இத்தனை கெடுபிடி? சின்னக் கணக்குதான். நம் ஊர் டிவி முறையில் ஒரு நொடிக்கு 25 ஃபிரேம். ஆக, ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 40 மில்லி செகண்ட். அதற்குள் எல்லா கேமராப் படத்தையும் வாங்கி, கலந்து, எழுத்துப் போட்டு, வெளியே தள்ளிவிட வேண்டும். அடுத்த 40 மில்லி செகண்டில் மறுபடியும். மூன்று மணி நேர நிகழ்ச்சி என்றால் 2,70,000 முறை. நடுவில் எங்கோ ஒரு தடுப்பான், 'இந்த ஃபைலைக் கொஞ்சம் சோதித்துக்கொள்கிறேன்' என்று டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டால்? படம் சொடுக்கும். கோல் விழுந்த கணமாக அது இருந்தால் போச்சு. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அரை நொடி திணறினால் கண்டுகொள்ள மாட்டீர்கள். லைவில் அரை நொடி என்பது பன்னிரண்டு ஃபிரேம்.

ஆக, தொடாதே என்கிற சட்டம் சோம்பேறித்தனத்தில் பிறந்ததல்ல. அனுபவத்தில் பிறந்தது. ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது. பெட்டி தனியாக இருக்க வேண்டும். வெளி உலகத் தொடர்பே இல்லாத பெட்டிக்கு எந்தத் திருடனும் வரமாட்டான். வாசலே இல்லாத வீட்டுக்கு எதற்குப் பூட்டு?

வாசல் வந்தது. லைவ் என்றாலே இன்டர்நெட் என்று ஆனது. 2015ல் நியூடெக்கே என்.டி.ஐ. என்றொரு நுட்பத்தைக் கொண்டுவந்தது. கேமராப் படத்துக்குத் தனிக் கேபிள் வேண்டாம், ஆபீஸ் நெட்வொர்க் வழியாகவே வரும். அருமையான வசதி. ஆனால் மிக்ஸரும் கேமராவும், அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் கம்ப்யூட்டரும் ஒரே தெருவில் குடியேறும் வாய்ப்பு இப்படித்தான் வந்தது. இதற்கு முந்தைய வருடம், 2014 ஏப்ரல் 8ம் தேதி, எக்ஸ்பிக்கு இனி பாதுகாப்பு அப்டேட் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் பொதுவாகக் கை கழுவியிருந்தது. பழைய பெட்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஓடுதா? அப்ப விட்டுடு.

சரியாக ஒரு வருடம் கழித்து, 2015 ஏப்ரல் 8 இரவு. பாரிஸ். டிவி5மோந்த், உலகம் முழுக்கத் தெரியும் பிரெஞ்சு சேனல். அன்றைக்குத்தான் புதிதாக ஒரு சேனலைத் தொடங்கியிருந்தார்கள். கொண்டாட்ட மூடில் இருந்தபோது திரைகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. மொத்த சேனல்களும் காலி.

கோளாறு இல்லை, தாக்குதல். ஜனவரியிலேயே உள்ளே நுழைந்துவிட்டார்கள். இரண்டரை மாதம் சத்தமில்லாமல் சுற்றிப் பார்த்து, எது எப்படி வேலை செய்கிறது என்று படித்திருக்கிறார்கள். வந்த வழிகள் ஏழு. அதில் ஒன்று, ஸ்டூடியோவுக்கு ரிமோட் கேமரா சப்ளை செய்த நெதர்லாந்துக் கம்பெனி. படத்தை வெளியே அனுப்பும் கருவிகளின் அடிப்படை சாஃப்ட்வேரையே அழித்துவிட்டார்கள். புதிய சேனல் வேலைக்காக டெக்னீஷியன்கள் அங்கேயே இருந்தது நல்லதாகப் போயிற்று. ஒருவர், தாக்குதல் எந்த இயந்திரத்திலிருந்து நடக்கிறது என்று கண்டுபிடித்து அதன் இணைப்பைப் பிடுங்கினார். இல்லாவிட்டால் நிறுவனமே எழுந்திருக்காது. பிறகு பல மாதங்கள் இன்டர்நெட் இல்லாமல், பழைய ஃபேக்ஸ் மெஷினைத் தூசு தட்டி வேலை பார்த்தார்கள். முதல் வருடச் செலவு மட்டும் சுமார் 50 லட்சம் யூரோ. ஏதோ 'சைபர் கலீஃபா' என்று பெயர் போட்டுக்கொண்டு வந்த அவர்கள், உண்மையில் ரஷ்ய ஹேக்கர் கூட்டம் என்று விசாரணை சுட்டிக்காட்டியது.

சரி, பாடம் கற்றாகிவிட்டது. இனி எல்லாவற்றையும் உடனுக்குடன் அப்டேட் செய்துவிட்டால் பிரச்னை தீர்ந்ததல்லவா?

அங்கேதான் இன்னொரு குண்டு இருந்தது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை காலை. லண்டனில் ஸ்கை நியூஸ், காலைச் செய்தியை லைவாக ஒளிபரப்ப முடியாமல் திரையில் மன்னிப்பு அறிவிப்பு போட்டது. யாரும் தாக்கவில்லை. வைரஸ் இல்லை. காவலுக்கு வைத்திருந்த கிரவுட்ஸ்ட்ரைக் கம்பெனியின் பாதுகாப்பு சாஃப்ட்வேர், அதிகாலையில் தனக்குத் தானே ஓர் அப்டேட் போட்டுக்கொண்டது. அந்தச் சின்ன ஃபைலில் பிழை. போட்டுக்கொண்ட கம்ப்யூட்டர்கள் எல்லாம் நீலத் திரை காட்டி மயங்கின. 78 நிமிடத்தில் அந்த ஃபைலைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் படுத்துவிட்டன. விமான நிலையம், ஆஸ்பத்திரி, பேங்க், டிவி ஸ்டேஷன். பெரும்பாலான இடங்களில் ஒவ்வொரு இயந்திரமாகப் போய் உட்கார்ந்து, பாதுகாப்பு முறையில் திறந்து, அந்த ஃபைலைக் கையால் நீக்கவேண்டியிருந்தது.

பாரிசில் திருடன் வந்தான். லண்டனில் காவல்காரனே கதவைச் சாத்திக்கொண்டான். இரண்டு இடத்திலும் திரை கறுப்பு.

இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். தொடாதே என்பதும் தப்பு, தொட்டுக்கொண்டே இரு என்பதும் தப்பு. கேள்வி, தொடுவதா இல்லையா என்பதல்ல. எப்போது, யார் என்பதுதான். லைவ் இயந்திரத்தின் நேரத்தை அப்டேட் அனுப்புகிற கம்பெனி தீர்மானிக்கக் கூடாது. உட்கார்ந்து ஓட்டுகிறவர் தீர்மானிக்க வேண்டும்.

நமக்குத் தெரிந்த தொழில் ஒன்றில் இதற்கு விடை இருக்கிறது. தமிழக கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன்வளத்துக்காகப் போட்ட தடை. ஆனால் படகுக்காரர்கள் அந்த நாட்களில் என்ன செய்கிறார்கள்? படகைக் கரையேற்றுகிறார்கள். பலகை மாற்றுகிறார்கள், இன்ஜினைப் பிரிக்கிறார்கள், வர்ணம் பூசுகிறார்கள். நடுக்கடலில் யாரும் இன்ஜினைப் பிரிப்பதில்லை. பிரிக்காமலே வருடக்கணக்கில் ஓட்டுவதுமில்லை.

ஒழுங்காக லைவ் செய்கிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். பெரிய நிகழ்ச்சிக்குப் பல நாள் முன்பே மாற்றங்களுக்குத் தடை போட்டுவிடுவார்கள். நிகழ்ச்சி முடிந்தபின் கரையேற்றுவார்கள். முதல் வேலை, இப்போது ஓடுகிற டிஸ்க்கை அப்படியே வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுப்பது. அப்டேட் சொதப்பினால் பழையதுக்குத் திரும்ப வழி வேண்டுமே. இரண்டு பெட்டி இருந்தால், புதியதை ஒன்றில் மட்டும் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். கேமராவை மாட்டி, ஒலியை மாட்டி, நிகழ்ச்சி எத்தனை மணி நேரமோ அத்தனை மணி நேரம் வெறுமனே ஓட்டிப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் எழுதி வைப்பார்கள், என்றைக்கு எந்த வெர்ஷன், யார் போட்டது என்று. ஆபீஸ் நெட்வொர்க் தனி, லைவ் நெட்வொர்க் தனி. இதில் ஒன்றுக்கும் அதிநவீனத் தொழில்நுட்பம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கூடுதல் டிஸ்க், இரண்டு நாள் பொறுமை.

நியூடெக் 2019ல் விஸ்ஆர்டி என்கிற கம்பெனிக்குக் கை மாறிவிட்டது. டிரைகாஸ்டர் இன்னும் விற்கிறது. கல்யாணம், கும்பாபிஷேகம், கல்லூரி விழா என்று நம் ஊரிலும் எல்லாமே இன்று லைவ். ஒரு கம்ப்யூட்டரும் நாலு கேமராவும் வைத்திருப்பவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஒருவரைப் பேசி முடிக்கும்போது, எத்தனை கேமரா, ட்ரோன் உண்டா என்று கேட்பீர்கள். இன்னும் ஒன்றும் கேளுங்கள்.

'கடைசியாக எப்போது கரையேற்றினீர்கள்?'

புரிந்து சிரித்தால், அட்வான்ஸ் கொடுத்துவிடலாம்.